கூரைப்பெட்டியில் போன கூறை: மொன்றியல் பயணத்தில் நடந்த களவு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆவணி மாதக் கல்யாணம் ஒன்றுக்காக ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்குப் போன மாப்பிள்ளை வீட்டாரின் வாகனத்தில், கூரையில் பூட்டியிருந்த பெட்டியை இரவோடிரவாக உடைத்து இரண்டு சூட்கேஸ்களைக் கொண்டுபோய்விட்டார்கள். அதில் ஒன்றில் கல்யாணக் கூறை, அதாவது தாலி கட்டும்போது மணமகள் உடுக்கும் பட்டுச்சேலை, இருந்தது. மாப்பிள்ளை என் பெரியம்மாவின் மகன். பின்னால் வந்த இரண்டாவது காரை ஓட்டியவன் நான். "காலையில் இறக்கலாம்" என்று அன்றிரவு முடிவெடுத்த மூவரில் நானும் ஒருவன் என்பதால் இதை எழுதவேண்டிய கடமை எனக்கு உண்டு. குடும்பத்தாரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஆட்களின் பெயரும், ஹோட்டல், பெட்டி செய்த கம்பெனி ஆகியவற்றின் பெயரும் இதில் இல்லை.

வாகனம் மாப்பிள்ளையின் அக்காவுடையது. மூன்று வரிசை இருக்கை உள்ளது. அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள், பெரியம்மா, பெரியப்பா, மாப்பிள்ளை என்று ஏழு பேர் அதில் வந்தார்கள். மூன்றாவது வரிசையை நிமிர்த்திவிட்டால் பின்னால் நாலைந்து கைப்பைகள் வைக்கத்தான் இடம் மிஞ்சும். என் காரிலும் ஐந்து பேர். அதனால் மிச்சச் சாமான் எல்லாம் கூரைப்பெட்டிக்குப் போனது. எங்கள் ஆட்கள் ரூஃப் பொக்ஸ் என்று சொல்வது இதைத்தான். இரண்டு வருடம் முன்பு முகாம் போவதற்காக அத்தான் வாங்கிய, சுமார் 450 லீற்றர் கொள்ளும் கறுப்புப் பெட்டி.

இந்தப் பெட்டிகள் எப்படிச் செய்யப்பட்டவை என்று தெரிந்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும். அடித்தட்டும் மூடியும் சில மில்லிமீற்றர் தடிப்புள்ள ஏபிஎஸ் பிளாஸ்ரிக். காற்றைக் கிழித்துப் போகவும், மழையையும் பனியையும் தடுக்கவும் அது போதும். கூரைக்குக் குறுக்கே போடும் இரண்டு கம்பிகளின் மேல் பெட்டி உட்காரும். அதை இறுக்கும் பிடிகள் பெட்டிக்கு உள்ளே இருப்பதால் மூடியைத் திறக்காமல் பெட்டியைக் கழற்ற முடியாது. மூடியில் ஒரு பூட்டு. திறப்பை, அதாவது சாவியை, போட்டுச் சுற்றினால் உள்ளே ஒரு நீளத்தகடு நகர்ந்து மூன்று இடத்தில் கொளுவும். எல்லா இடமும் சரியாகக் கொளுவினால்தான் திறப்பு வெளியே வரும். அதாவது, மூடி ஓடும்போது பறக்காமல் இருப்பதற்கு நல்ல ஏற்பாடு. அந்த மூன்று இடங்களுக்கும் இடையில் உள்ள விளிம்பைக் கையால் அமுக்கிப் பார்த்தால் வளையும்.

ஏற்றிய விதம்

வாகனத்தின் கையேட்டில் கூரைக்கு 75 கிலோ என்று இருந்தது. பெட்டியும் கம்பிகளுமே 25 கிலோ அளவு. அத்தான் கவனமான ஆள். குளியலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தே ஏற்றினார். ஒரு சூட்கேஸ் 19 கிலோ, மற்றது 16. அதோடு பிள்ளைகளின் தள்ளுவண்டி, இரண்டு போர்வை, பெட்ஷீற்றில் சுற்றிய குத்துவிளக்கு. கூட்டினால் 50 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பாரம் சரி. ஆனால் தலைக்கு மேலிருந்து இந்த 19 கிலோவை நடுச்சாமத்தில் யார் இறக்குவது என்று அப்போது ஒருவரும் யோசிக்கவில்லை.

எங்கள் வழக்கப்படி கூறையும் தாலியும் மாப்பிள்ளை வீட்டார்தான் கொண்டுபோகவேண்டும். தாலிக்கொடி பெரியம்மாவின் கைப்பைக்குள், 540 கிலோமீற்றரும் அவர் மடியில் இருந்தது. சாப்பிட இறங்கியபோதும் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. கூறையை மட்டும் மடிப்புக் கலையக்கூடாது என்று அட்டைப்பெட்டியோடு பெரிய சூட்கேஸின் மேல்தட்டில் வைத்துக் கூரைக்கு அனுப்பினோம். பொன் என்றால் கவனம், துணி என்றால் சாமான் என்று எங்களை அறியாமலே பிரித்துவிட்டோம். நாளை மறுநாள் காலைக்குள் இதை ஈடுசெய்ய முடியுமா என்று கேட்டுப் பிரித்திருந்தால், கூறை பெரியம்மாவின் மடிக்குப் பக்கத்தில் போயிருக்கும்.

பெரியம்மாவின் பிரஷர் மாத்திரையும் சீனி வருத்த மாத்திரையும் அதே சூட்கேஸில். இரண்டு நாளுக்கு மட்டும் தனியாக எடுத்துக் கைப்பையில் போடுவோம் என்று அக்கா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவசரத்தில் அது நடக்கவில்லை.

தரிப்பிட வாசலில்

வெள்ளிக்கிழமை பின்னேரம் 4 மணிக்குப் புறப்பட்டோம். 401 நெடுஞ்சாலையில் வார இறுதி நெரிசல், இரண்டு இடத்தில் நிற்பாட்டல். மொன்றியல் நகருக்குள் ஹோட்டலை அடையும்போது இரவு 11.20. நிலத்தடித் தரிப்பிடம் இருக்கிறது என்று பார்த்துத்தான் அந்த ஹோட்டலை எடுத்திருந்தோம். கமெராவும், இரவில் மூடும் கதவும் அங்கே உண்டு.

சரிவில் அத்தான் வண்டியை இறக்கினார். வாசலுக்கு மேலே சங்கிலியில் மஞ்சள் நிறக் குழாய் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதில் 2.0 மீ என்று எழுதியிருந்தது. பெட்டியின் மூக்கில் குழாய் இடித்து 'டங்' என்று சத்தம் கேட்டதும் பிரேக் போட்டார். வாகனத்தின் உயரம் 1.76 மீற்றர். கம்பியும் பெட்டியும் சேர்த்து இன்னும் 45 சென்ரிமீற்றர். ஆக 2.21. உள்ளே போக வழியில்லை. எனது கார் போனது. அவர்களுடையது பின்னுக்கு எடுத்து, ஹோட்டலின் பின்புறத்திலுள்ள திறந்த தரிப்பிடத்துக்குப் போனது.

நடந்த களவுக்கு மூல காரணம் எது என்று என்னைக் கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். பெட்டிதான் வண்டியைக் கதவுள்ள இடத்திலிருந்து கதவில்லாத இடத்துக்குத் தள்ளியது. பூட்டு எவ்வளவு நல்லது என்று இரண்டு வருடமாகப் பேசியிருக்கிறோம். பெட்டியோடு வண்டி எவ்வளவு உயரம், அது இரவில் எங்கே நிற்கும் என்று ஒருநாளும் பேசியதில்லை.

அந்தத் திறந்த தரிப்பிடம் ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் சிறு ஒழுங்கை. ஒரு மின்கம்பத்தில் விளக்கு. ஹோட்டலின் பின்கதவுக்கு மேல் ஒரு கமெரா. நின்ற வண்டிகளில் பெரும்பாலும் கியூபெக் இலக்கத்தகடு. எங்களுடையதில் ஒன்ராறியோ தகடும் மேலே பெட்டியும். தூரத்திலிருந்து வந்த குடும்பம், உள்ளே சாமான் இருக்கிறது, விடியும் வரை வரமாட்டார்கள் என்பதைப் பார்த்த உடனே சொல்லிவிடும் கோலம் அது.

இரவு எடுத்த முடிவு

வண்டியருகில் நின்று அத்தான், மாப்பிள்ளை, நான் மூவரும் பேசினோம். சூட்கேஸ்களை இறக்குவதா, விடுவதா? விடுவதற்கு நாங்கள் சொன்ன காரணங்கள் இவை. பெட்டி பூட்டியிருக்கிறது. விளக்கும் கமெராவும் இருக்கிறது. எல்லாரும் களைத்துவிட்டார்கள். சின்னப் பிள்ளை தோளில் நித்திரை. இறக்குவதென்றால் பக்கக் கதவைத் திறந்து வாசற்படியில் ஏறி நின்று தூக்கவேண்டும், அத்தானுக்கு முதுகுவலி. ஆறு மணித்தியாலத்தில் விடிந்துவிடும்.

அந்த நேரத்தில் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், களைப்பைத் தவிர மற்றவை நிற்கவில்லை. பூட்டைப் பற்றி மேலே சொன்னேன். கமெரா என்பது நடந்ததைக் காட்டும், நடக்கவிடாமல் செய்யாது. அதுவும் அந்தக் கமெரா பின்கதவைப் பார்த்தபடி இருந்தது, எங்கள் வண்டியின் பின்பாதி அதன் ஓரத்தில்தான் விழும். வண்டியின் அலாரமும் எங்கள் மனத்தில் எங்கோ இருந்தது. அது கதவையும் பொனற்றையும் பார்க்கும். கூரையில் நாம் பூட்டிய பெட்டியை அதற்குத் தெரியாது.

பெரியம்மா மட்டும் லிஃப்டுக்குள் ஏறும்போது, "தம்பி, கூறை மேலேதானே இருக்கு?" என்று கேட்டார். "ஓம் பெரியம்மா, பூட்டித்தான் இருக்கு" என்றேன். அந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை.

காலையில் கண்டது

காலை 6.30 மணிக்கு நான் தேநீர் வாங்கப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். தூரத்தில் பெட்டி மூடியிருப்பது போலத்தான் தெரிந்தது. கிட்டப் போனதும்தான் பின்மூலை ஒரு சாண் அளவு தூக்கிக்கொண்டு நிற்பது கண்ணில் பட்டது. அந்த இடுக்கால் பிள்ளையின் சாம்பல் நிறப் போர்வை பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறப்புத் துவாரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பின்மூலை விளிம்பில், தட்டையான இரும்பு ஒன்றை நுழைத்து நெம்பிய இரண்டு பள்ளம். அங்கிருந்து மூடியின் நடுப்பக்கம் நோக்கிக் கறுப்புப் பிளாஸ்ரிக்கில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் ஓடியிருந்தன. பிளாஸ்ரிக்கை வளைத்தால் விழும் கோடுகள்தான். பின்பக்கக் கொளுவி மட்டும் முறிந்து அடித்தட்டில் கிடந்தது. மற்ற இரண்டும் கொளுவியபடி. அத்தான் திறப்பைப் போட்டுச் சுற்றியபோது பூட்டு வழக்கம்போல் 'கிளிக்' என்று திறந்தது.

இரண்டு சூட்கேஸும் இல்லை. தள்ளுவண்டி இருந்தது. குத்துவிளக்குச் சுற்றிய பெட்ஷீற்றை ஒரு முனையில் விலக்கிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். கைபிடி உள்ளதைத்தான் தூக்கியிருக்கிறார்கள். பிறகு ஹோட்டல்காரர் கமெராவைப் பார்த்துச் சொன்னது: 3 மணி தாண்டி ஒரு வான் வந்தது, நான்கு நிமிடத்துக்குள் போய்விட்டது, தகடு தெரியவில்லை. பதிவைப் பொலிஸ் கேட்டால்தான் கொடுப்போம் என்றார்கள்.

அன்றைய நாள்

கல்யாணம் ஞாயிறு. கையில் ஒரே ஒரு நாள். அக்கா முதலில் செய்தது, எல்லாரையும் காரைத் தொடவேண்டாம் என்று நிறுத்திவிட்டுப் படம் எடுத்தது. பெட்டி, பள்ளம், முறிந்த கொளுவி, பக்கத்துத் தகடு, விளக்குக் கம்பம் எல்லாம். அந்தப் படங்கள் பிறகு இரண்டு தடவை உதவின.

அப்புறம் வேலையைப் பிரித்தோம். அத்தானும் நானும் பொலிஸ் நிலையத்துக்கு. அக்காவும் மாப்பிள்ளையும் புடவைக் கடைக்கு. பெரியப்பா மருந்துக்கு. ரொறன்ரோவிலுள்ள மருந்துக்கடைக்குப் போன் செய்து, ஹோட்டலுக்குப் பக்கத்துக் கடைக்கு மருந்துச்சீட்டை மாற்றச் சொல்லி, பதினொரு மணிக்கு முன் மாத்திரை கைக்கு வந்துவிட்டது. என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று பெரியப்பா ஒரு துண்டில் எழுதிப் பேர்ஸில் வைத்திருந்தது பெரிய உதவி.

பொலிஸில் முறைப்பாட்டை எழுதி ஓர் இலக்கம் தந்தார்கள். ஒவ்வொரு சூட்கேஸிலும் என்ன என்ன இருந்தது என்று கேட்டபோது நாங்கள் இருவரும் தடுமாறினோம். அடுக்கியது அக்கா. போனில் அவரைப் பிடித்துக் கேட்டுக் கேட்டு எழுதினோம்.

திரும்பி வந்து வேலிக்கு அந்தப் பக்கமும் ஒழுங்கைக் குப்பைத்தொட்டிகளும் பார்த்தோம். களவெடுத்தவர்கள் விலைபோகாததை அருகிலேயே வீசிவிடுவது வழக்கம் என்று பொலிஸில் சொல்லியிருந்தார்கள். ஐம்பது அடி தள்ளி, வேலியோரப் புல்லில் பெரியம்மாவின் மாத்திரைப் பையும் பிள்ளைகளின் உடுப்பும் கிடந்தன. கூறை கிடைக்கவில்லை. காலை 7 மணிக்கே தேடியிருந்தால் கிடைத்திருக்குமோ என்று பெரியம்மா பல தடவை கேட்டுவிட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் முதலில் தேடவேண்டும் என்பது இப்போது தெரிகிறது.

கூறைக்கான சட்டை, முன்பே துணி அனுப்பித் தைத்தபடி, மணமகளிடம் இருந்தது. கடும் அரக்குச் சிவப்பு, கையில் சரிகை. அந்தச் சட்டையைக் கையில் கொண்டு பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதியில் ஜோன் தலோன் தெருக் கடைகளில் அக்கா ஏறி இறங்கினார். மூன்றாவது கடையில் ஒரு காஞ்சிபுரம். நிறம் ஒரு சாயல் குறைவு. கடை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, "சரி, இது காணும்" என்று மாப்பிள்ளை சொன்னார்.

பெரியம்மாவுக்குத் துணியின் விலை கவலையில்லை. "கூறை களவு போறது நல்லதுக்கோ?" என்பதுதான் அவர் மனத்தை அரித்தது. மாலையில் மணமகளின் அம்மா நேரே ஹோட்டலுக்கு வந்து, ஐயரிடம் கேட்டுவிட்டதாகச் சொன்னார். புதுக் கூறையைச் சுவாமிக்கு முன் வைத்துப் பூசை செய்து எடுத்தால் ஒரு குறையும் இல்லை என்று ஐயர் சொன்னாராம். "மாமி, பிள்ளையள் சுகமா வந்து சேர்ந்திட்டினம், அது காணும்" என்று அவர் கையைப் பிடித்தபோதுதான் பெரியம்மா அழுதார். கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது.

திரும்பும் பயணம்

முறிந்த கொளுவியோடு பெட்டியைப் பூட்டி 401இல் ஓடலாமா என்ற கேள்வி திங்கட்கிழமை வந்தது. வார்ப்பட்டியால் சுற்றிக் கட்டினால் தாங்கும் என்று ஒருவர் சொன்னார். அத்தான் மறுத்துவிட்டார். 100 கிலோமீற்றர் வேகத்தில் மூடி எழும்பிப் பின்னால் வருபவரின் கண்ணாடியில் போய் விழுந்தால், அது களவை விடப் பெரிய விபரீதம். பெட்டியைக் கழற்றி மணமகள் வீட்டுக் கராஜில் விட்டுவிட்டு, குறைந்த சாமானை இரண்டு காருக்கும் பிரித்தோம்.

கழற்றும்போது இன்னொன்று கண்டோம். குறுக்குக் கம்பிகளின் கால்களில் பூட்டு இருக்கவேண்டிய துவாரங்களில் வெறும் பிளாஸ்ரிக் மூடிதான் இருந்தது. பூட்டுத் தனியாக வாங்கவேண்டும், அத்தான் வாங்கவில்லை. அந்தக் கால்களைத் தளர்த்தினால் கம்பியோடு சேர்த்து முழுப் பெட்டியையுமே தூக்கிவிடலாம். பெட்டியின் பூட்டு முகப்பிலும் திறப்பு இலக்கம் வெளியே தெரியும்படி பொறித்திருந்தது. பல கம்பெனிகளின் பூட்டுகள் இப்படித்தான் இருக்கின்றன. அந்த இலக்கத்தைச் சொன்னால் மாற்றுத் திறப்பு இணையத்தில் வாங்கலாம். எங்கள் களவில் இவை இரண்டும் பயன்படவில்லை. இருந்தும் இரண்டும் திறந்த வாசல்கள்.

காப்புறுதி

வாகனக் காப்புறுதி எல்லாவற்றையும் பார்க்கும் என்றுதான் நினைத்திருந்தோம். ஒன்ராறியோவில் அப்படியில்லை. களவுக்கான பகுதியை எடுத்திருந்தால் வாகனக் காப்புறுதி வண்டியையும் அதில் பூட்டிய பொருளையும் பார்க்கும். வண்டிக்குள்ளோ மேலோ இருந்த சொந்தச் சாமான் வீட்டுக் காப்புறுதியின் கீழ் வரும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு வாடகையாளர் காப்புறுதி. அதை எடுக்காதவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆக ஒரு களவுக்கு இரண்டு கோரிக்கை, இரண்டு தடவை கைக்காசு. அக்கா வீட்டில் வாகனத்துக்கு 500 டொலர், வீட்டுக்கு 1000 டொலர் முதலில் நாமே பொறுக்கவேண்டும். பெட்டிக்கு 500 கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம் என்பதால் அதை விட்டுவிட்டு வீட்டுக் காப்புறுதியில் மட்டும் கேட்டார்கள்.

கூறைக்கான பில் எங்கள் கையில் இல்லை. அது ஊரிலிருந்து உறவினர் ஒருவர் எடுத்து அனுப்பியது. கடையில் விரித்து வைத்து எடுத்த படமும், பில்லின் படமும் வட்ஸ்அப்பில் பழைய செய்திகளுக்குள் கிடந்தன. அதையும், பொலிஸ் இலக்கத்தையும், அக்கா எடுத்த படங்களையும் சேர்த்துக் கொடுத்தபின் ஏற்றுக்கொண்டார்கள். எல்லாம் முடிய ஏழு வாரம். சூட்கேஸ்கள் கிடைக்கவேயில்லை.

இனி செய்யப்போவது

இந்த முறை நானும் அத்தானும் உட்கார்ந்து ஒரு இரவு முழுக்கப் பேசினோம். பெட்டியை விற்றுவிடுவதா என்றும் யோசித்தோம். ஏழு பேர் போகும் வாகனத்துக்கு அது இல்லாமல் முடியாது. அதனால் மாற்றியது பயன்படுத்தும் விதத்தை.

பெட்டிக்குள் போவது போர்வை, கூடாரம், தள்ளுவண்டி, குளிர்ச்சட்டை மட்டும். அதாவது போனாலும் மறுநாள் காரியம் நிற்காத சாமான். சூட்கேஸ் மேலே போவதேயில்லை. உடுப்பு வேண்டுமென்றால் ஏழெட்டுக் கிலோவுக்கு மேற்படாத துணிப்பையில் போகும். காரணம், பாரம் குறைந்தால்தான் களைத்த ஆள் இரவில் அதை இறக்குவார். அந்தப் பைதான் கடைசியாக ஏறும், முதலில் இறங்கும். மருந்தும் பத்திரங்களும் காருக்குள், ஆளோடு.

ஹோட்டல் பதியும்போது தரிப்பிடம் இருக்கிறதா என்று கேட்பதை விட்டு, அதன் உயரம் எத்தனை என்று கேட்கிறோம். உள்ளே போகாது என்றால், வாசலுக்கு நேரே, ஆள் இருக்கும் வரவேற்பு மேசைக்குக் கண்ணெதிரே இடம் தருவார்களா என்று கேட்கிறோம். தருவதாகச் சொன்ன இடங்கள் உண்டு. கேட்காமல் யாரும் தரமாட்டார்கள். பெட்டியின் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் அந்தப் பக்கம் நெம்புவது கடினம், ஆனால் பின்மூலை திறந்துதான் இருக்கும். ஆகவே அதை ஒரு சின்ன உதவியாகத்தான் எடுத்துக்கொள்ளலாம். வார்ப்பட்டி இரண்டு சுற்றிக் கட்டுவதும் அதே போலத்தான், இரண்டு நிமிடம் தாமதிக்க வைக்கும்.

கம்பிக் கால்களுக்குப் பூட்டு வாங்கியாயிற்று. பூட்டு முகப்பின் இலக்கத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, வெளியே தெரியாதபடி கறுப்பு நாடாவால் மறைத்திருக்கிறார் அத்தான். சாமான் அடுக்கியதும் பெட்டி திறந்திருக்கும்போது ஒரு படம். அது பொலிஸுக்கும் காப்புறுதிக்கும் பட்டியல்.

உடைந்த பெட்டிக்குக் கொளுவியும் நீளத்தகடும் தனியாக வாங்க முடிந்தது. மூடியில் வெள்ளைக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. போன மாதம் ஒட்டாவா போனபோது அதே பெட்டிதான் மேலே இருந்தது. உள்ளே இரண்டு கூடாரமும் போர்வைகளும். முன்கண்ணாடிக்குக் கீழே, ஓட்டுபவரின் கண்ணில் படுமாறு, 2.21 மீ என்று எழுதிய துண்டு ஒட்டியிருந்தது.